அறுபத்து நான்காவது படம்

மார்ச் 2

ரப்பருக்கு,

நீ என் எண்ணைத் தடை செய்துவிட்டாய் என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று. புது வேலையில் நேரமில்லை போலிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மெயிலுக்கும் பதில் இல்லை. கடைசியில் உன் அக்காவிடம் ஹாஸ்டல் முகவரி வாங்கினேன். "லெட்டரா? நீங்க ரெண்டு பேரும் எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று சிரித்தார். எனக்கு இதுதான் வசதி. நேரில் பேச வராது, போனில் அதைவிட வராது. எனக்கு வால்யூம் என்று பெயர் வைத்தவளே நீதான்.

அன்றைக்கு எங்கள் வீட்டு மாடி அறையில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ லேப்டாப்பைப் பையில் போட்டாய், ஜிப்பை இழுத்தாய், கதவைச் சாத்தாமலே இறங்கிப் போனாய். அறைந்து சாத்தியிருந்தால் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். சாத்தாமல் போனதுதான் பயமாக இருந்தது.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

மூன்று வருடமாக நாம் ஒரு கதை விளையாட்டு செய்தோம். எழுத்தும் கணினி வேலையும் என்னுடையவை, படங்கள் உன்னுடையவை. லாட்ஜில் அறை பெருக்கும் ஒரு பெண். தங்கிப் போனவர்கள் மறந்து விட்டுச் செல்லும் பொருள்கள். எதைத் திருப்பிக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று படிப்பவர் நடுநடுவே தீர்மானிக்க வேண்டும். "இதுல யாரையும் சுட வேணாமா?" என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்ப இதை எதுக்கும்மா வாங்குவாங்க?" பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். இந்த மூன்று வருடத்தில் நம்மிடம் யாரும் அதைவிட நல்ல கேள்வி கேட்கவில்லை.

இணையத்தில் விளையாட்டு விற்கும் கடை நம் முழு விளையாட்டை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. முதல் முறை, காலிக் கட்டில் படத்தைப் பார்த்துவிட்டு, பெரியவர்களுக்கான சமாச்சாரம் எதையாவது மறைக்கிறோமா என்று கேட்டார்கள். படக்கதை விளையாட்டு என்றாலே அவர்களுக்கு அந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது. இரண்டாம் முறை, கொடியில் துண்டு காயும் படம். "காயிற துண்டுக்கு என்னடி வயசு வரம்பு?" என்று நீ கத்தினாய். மூன்றாம் முறை படிவத்தை நான் தனியாக நிரப்பினேன். "இந்தப் படைப்பின் எந்தப் பகுதியாவது செயற்கை நுண்ணறிவு எந்திரம் தானாக உருவாக்கியதா?" என்றொரு கேள்வி இருந்தது. 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

கீழே விளக்கமும் எழுதினேன். ஆங்கில வடிவத்தின் எழுத்துப்பிழைகளை ஒரு மென்பொருள் வைத்துப் பார்த்தோம் என்று. கடைப்பக்கத்தில் அந்த விளக்கம் 'மேலும்' என்பதை அழுத்தினால்தான் வருகிறது. யார் அழுத்துகிறார்கள்? எல்லோர் கண்ணிலும் படுவது ஒரு வரிதான்: இதில் எந்திரம் உருவாக்கிய பகுதிகள் உள்ளன. அதற்கு நேர் கீழே: படங்கள் – ரப்பர்.

கடைக்கு எழுதிக் கேட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் கையால் போட்ட முதல் வரைவைக் காட்டினால் அந்த வரியை எடுப்பதைப் பற்றி யோசிப்பார்களாம். வெளியீடு ஏப்ரல் 24. அந்தத் தேதியை இனி மாற்ற முடியாது. உன்னிடம் வரைவுகள் இருக்கின்றனவா?

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிக்க நினைத்தேன். பரவாயில்லை என்பது பொய்.

– வால்யூம்


மார்ச் 8

வால்யூம்,

முகவரி கொடுத்த அக்காவை நான் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

கடைப்பக்கத்தின் அடியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்தாயா? நீ படித்திருப்பாய். நீ எல்லாவற்றையும் படிப்பாய், ஒன்றும் சொல்ல மாட்டாய். நான் சொல்கிறேன். "பட்டனை அழுத்தினது இவங்க, காசு குடுக்கறது நாங்களா?" இது ஒருவர். இன்னொரு ஆள் நம் பெண்ணின் கையைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, விரல்களை எண்ணியிருக்கிறார். அஞ்சுதான் இருந்தது. அதற்கும் விடவில்லை: "இப்பல்லாம் மெஷின் விரலைச் சரியாப் போடுது, உஷார்." நான் என்னடி செய்ய? நாலு விரல் போட்டிருந்தால் நம்பியிருப்பானா?

இலவசப் பிரதி கேட்டுத் தினம் மூன்று பேர் எழுதுவார்களே, நாங்கள் பெரிய விமர்சகர்கள் என்று. இந்த வரி வந்த பிறகு அவர்கள்கூட எழுதுவதில்லை. திருடனே ஒதுங்கிப் போகிற வீடாகிவிட்டது.

இங்கே என் வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பாய். சலவை எந்திரத்துக்குக் கையேடு வரைகிறேன். ஒரு கை, ஒரு பட்டன், ஓர் அம்புக்குறி. நேற்று மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "மேடம், கைக்கு உணர்ச்சி வேணாம்" என்றார். வாஷிங் மெஷின் மேல் என் கை பாசமாக இருந்ததாம்.

வரைவுகள் இல்லை. தாளில் போடுவேன், ஸ்கேன் செய்வேன், வண்ணம் ஏற்றியதும் கோப்பிலுள்ள வண்ண அடுக்குகளை ஒன்றாக்கிவிட்டு மற்றதையெல்லாம் அழித்துவிடுவேன். ரப்பர் என்று சும்மாவா கூப்பிட்டாய்? தாள்களை உங்கள் மாடி அறை மூலையில் போட்டுவிட்டுப் போவேன். அவை எப்போதோ பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும்.

அதனால் ஒன்று செய். படங்களை நீயே வைத்துக்கொள். 24க்கு முன்னால் என் பெயரை எடுத்துவிடு. அந்த வரிக்குக் கீழே என் பெயர் நிற்கக் கூடாது.

ஒரே ஒரு கேள்வி. மூன்று வருடம் முழங்கை இடிக்க என் பக்கத்தில் உட்கார்ந்தவள், அந்தக் கட்டத்தைத் தொடுவதற்கு முன்னால், "ஏய், இதுக்கு என்ன போடலாம்?" என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?

– ர


மார்ச் 13

ரப்பருக்கு,

கேட்டிருக்க வேண்டும்.

காரணம் சொல்கிறேன். சமாதானமாக எடுத்துக்கொள்ளாதே. எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். உதவித்தொகைப் படிவத்தில் 'பிற வருமானம்' என்றொரு கட்டம் இருந்தது. அம்மா லாட்ஜ் வேலை தவிர ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மண்டபம் பெருக்கப் போவாள். அதெல்லாம் வருமானமா என்று நினைத்துக் காலியாக விட்டேன். யாரோ மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டார்கள். தகவலை மறைத்ததாகச் சொல்லி ஒரு வருடம் தொகையை நிறுத்தினார்கள். அப்பா வேலைக்கு லீவு போட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஒரு குமாஸ்தா என்னைப் பார்த்து, "படிச்ச பொண்ணு, ஒரு ஃபாரத்தைச் சரியா நிரப்பத் தெரியல" என்றார். அப்பா படிவத்தை வாங்கி மடித்துக்கொண்டார். பேருந்தில் வரும்போது, "இனிமே எதுவா இருந்தாலும் இருக்குன்னே போட்டுரும்மா. இல்லாததை இருக்குன்னு சொன்னதுக்கு யாரும் அடிக்க மாட்டான்" என்றார்.

அதிலிருந்து படிவத்தில் காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டமும் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும்.

இப்போது வேறு ஒரு செய்தி. முந்தாநாள் சமையலறையில் பருப்பு டப்பாவை எடுத்தேன். அதன் அடியில், வட்டமாகத் தூசி படியாத இடத்தில், நம் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் அறையில் ஜன்னல் துடைக்கிற படம். அடுத்த டப்பாவை நகர்த்தினேன். சாவிக்கொத்துப் படம். அலமாரித் தட்டு முழுக்க உன் தாள்கள். வரைந்த பக்கம் மேலே தெரிய, ஓரம் மடித்து, விரித்திருக்கிறது.

அம்மாவைக் கேட்டேன். "நல்ல கெட்டித் தாளு. அந்தப் பொண்ணு பாட்டுக்குக் கீழ போட்டுட்டுப் போவா. குப்பையில போட எனக்கு மனசு வரல" என்றாள். பெட்டிக்குள் துணிக்கு அடியில் இருக்கிறது. மருந்து அலமாரியில் இருக்கிறது. அப்பாவின் கருவிப்பெட்டியில் கிரீஸ் படிந்த ஒன்று இருக்கிறது. மூன்று வருடமாக உன் மேல்தான் எங்கள் வீட்டு உப்பும் புளியும் உட்கார்ந்திருக்கின்றன.

நீ பெயரை எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, எண் போட்டுக்கொண்டிருக்கிறேன். கடைக்கு எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பலாம். அறுபத்து நான்கு படங்கள், அறுபத்து நான்கு தாள்கள்.

– வால்யூம்


மார்ச் 18

வால்யூம்,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் படித்துச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்தவள் பயந்துபோனாள். கிரீஸ் படிந்தது எந்தப் படம்?

ஆனால் இதை நிறுத்திவிடு. டப்பாக்களைத் திரும்ப அடுக்கு. அம்மாவுக்கு எதற்குத் தொந்தரவு? கடைக்காரன் எத்தனை தாள் காட்டினாலும் நம்பப் போவதில்லை. அந்த வரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நான் அன்றைக்குக் கத்தியதை மறந்துவிடு. என் பெயரை மட்டும் எடுத்துவிடு, அது போதும். அதற்குமேல் இதில் தோண்ட ஒன்றுமில்லை.

இங்கே வேலை அதிகம். இப்போது கதவு மூடும் கையை வரைகிறேன்.

– ர


மார்ச் 24

ரப்பருக்கு,

கிரீஸ் படிந்தது மாடிப்படிப் படம்.

நீ நிறுத்தச் சொன்ன கடிதம் வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டேன். மாடி அறைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். அறுபத்து மூன்று இருக்கிறது.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பேருந்து நிறுத்தம். பன்னிரண்டாம் அறையின் சாவியைத் திருப்பிக் கொடுக்க மறந்து பையிலேயே வைத்துக்கொண்டு, அவள் மழையில் நிற்கிற படம்.

எங்காவது ஈரம் பட்டுக் கிழிந்திருக்கலாம். எறும்புப் பொடியை மடிக்க யாராவது எடுத்திருக்கலாம். அம்மாவிடம் கேட்டேன். நீ வரையும்போதெல்லாம் அவளைத்தானே நிற்கச் சொல்வாய், வாளி தூக்கு, குனி, திரும்பு என்று. அதனால் எந்தப் படம் எந்தத் தட்டில் என்று அவளுக்கு மனப்பாடம். கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்: "பஸ்ஸுக்கு நிக்கிறதா? அது வரவே இல்லயே. அதுக்கு என்னை நிக்கவும் சொல்லல."

நான் அந்தப் படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் இருக்கும் பெயர்ப் பலகையில் இருப்பவை எந்த மொழி எழுத்துகளும் இல்லை.

நீ வேறு எங்காவது உட்கார்ந்து வரைந்திருக்கலாம். அப்படித்தான் என்றால் அப்படியே எழுது. நான் நம்புகிறேன்.

– வால்யூம்


மார்ச் 30

வால்யூம்,

'நான் நம்புகிறேன்' என்று எழுதி என்னைக் கொன்றுவிட்டாய். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன்.

மணிக்கட்டில் பட்டை போட்டிருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கடை நடத்திய, மாதிரிகளை இலவசமாக விளையாடத் தரும் வாரத்துக்கு முதல் அத்தியாயத்தை அனுப்ப வேண்டிய சமயம். அந்த வாரத்தில் வந்தால்தான் நாலு பேர் தங்கள் 'வாங்க வேண்டியவை' பட்டியலில் நம்மைச் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் வெளியீட்டு நாளில் கடை நம்மைக் குப்பைக் கிடங்கின் அடியில் வைத்துவிடும் என்று நீ ஒரு தாளில் கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தாய். ஒரே ஒரு படம் பாக்கி. பேனாவைப் பிடித்தால் கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை மின்சாரம் ஓடியது. உன்னிடம் சொன்னால், "பரவால்ல, விட்டுரலாம்" என்பாய். நீ அப்படிச் சொல்வதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

எந்திரத்திடம் ஒரு வரி எழுதிக் கேட்டேன். பதினோரு நொடியில் வந்தது. நான் மூன்று நாள் போடுகிற மழையைப் பதினோரு நொடியில் போட்டுவிட்டது. அழகாக வேறு இருந்தது, அதுதான் எரிச்சல். மேலே கொஞ்சம் வண்ணம் பூசினேன். கை சரியானதும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். கை சரியானது. மாற்றவில்லை.

நீ பார்த்து "நல்லா இருக்கு" என்றாய். மற்ற அறுபத்து மூன்றுக்கும் ஒருநாளாவது நீ அப்படிச் சொல்லியிருக்கிறாயா? வாளி கனமாகத் தெரியவில்லை என்பாய், இந்த நிழல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பாய். அன்றைக்கு மட்டும் நல்லா இருக்கு. நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ உள்ளே தட்டச்சு செய்துகொண்டிருந்தாய்.

ஆக, நீ அறியாமல் போட்ட குறி சரிதான். நான்தான் பொய்க்காரி. அத்தனை பேர் என்னைப் பழித்ததில் வலித்தது அதன் அநியாயம் அல்ல, அதில் அறுபத்து நாலில் ஒரு பங்கு நியாயம் இருந்ததுதான். அதனால்தான் அப்படிக் கத்தினேன். பெயரை எடுத்துவிடு.

– ர


ஏப்ரல் 3

ரப்பருக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிவிட்டேன்.

நான் அறியாமல் போடவில்லை.

உதவித்தொகைக் கதை உண்மை. எழுத்துப்பிழை மென்பொருளும் உண்மை. ஆனால் அவற்றுக்காக மட்டும் நான் 'ஆம்' என்று போடவில்லை. அந்தப் படம் வந்த அன்றே எனக்குத் தெரியும். முதல் அத்தியாயத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்குப் படிக்க வராது, நான் பக்கத்தில் இருந்து படித்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு படத்துக்கும், "என்னை எதுக்கு இவ்வளவு ஒல்லியாப் போட்டிருக்கா" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், பேருந்து நிறுத்தம் வந்ததும், "இது யாரு?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் பட்டனை அழுத்தி அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

உன்னிடம் "நல்லா இருக்கு" என்றதற்குக் காரணம், குறை சொல்வதற்கு உன் கை அதில் இல்லை.

ஒன்றரை வருடம் ஒவ்வொரு நாளும் கேட்க நினைத்தேன். உன் மணிக்கட்டைப் பார்ப்பேன், விட்டுவிடுவேன். கேட்டால் நீ எழுந்து போய்விடுவாய் என்று பயம். பிறகு அந்தப் படிவம் வந்தது. யாரென்றே தெரியாத ஒரு கடை, அதே கேள்வியைக் கேட்டது. உன்னிடம் கேட்க வராத எனக்கு அதனிடம் பதில் சொல்ல வந்தது. குறியிட்டபோது இறங்கியது பாரம்தான். அதைத்தான் உன்னிடம் சொல்லக் கூசினேன். விளக்கத்தில் எழுத்துப்பிழை என்று எழுதி ஒளித்துக்கொண்டேன். உன் பெயருக்கு மேலே அது வந்து நிற்கும் என்று யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லாமல் இருந்தேன் என்பதுதான் சரி.

நீ ஒரு படத்தில் பொய் சொன்னாய். நான் ஒன்றரை வருடம் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

– வால்யூம்


ஏப்ரல் 11

ரப்பருக்கு,

பதில் இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

பெயரை மாற்றுவதற்குக் கடைசி நாள் இருபது என்று கடை சொல்கிறது. நீ சொன்னபடி எடுத்துவிடலாம் என்று திருத்தும் பக்கத்தைத் திறந்தேன். 'ரப்பர்' என்பதை அழித்தால் அந்த இடம் காலியாக நிற்கிறது. காலியான கட்டத்தைக் கடை ஏற்பதில்லை, ஏதாவது நிரப்பு என்கிறது. என்ன நிரப்புவது என்று தெரியாமல் மூடிவிட்டேன்.

நீயே சொல்.

– வால்யூம்


ஏப்ரல் 15

அடியே வால்யூம்,

உன் மூன்றாம் தேதிக் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு உட்கார்ந்து ஒட்டினேன். ஒட்டும்போது ஒரு துண்டு காணோம், அதனால் உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இருக்கட்டும்.

கடைக்காரன் யாருடி? உன் மாமன் மகனா? அவனிடம் சொல்லத் தெரிந்த வாய்க்கு, அரை அடி தள்ளி உட்கார்ந்திருந்த என்னிடம், "இது உன் படம் இல்லையே" என்று சொல்ல வரவில்லையா? சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். உண்மைதான். படியிறங்கித் தெருமுனை வரை போயிருப்பேன். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து வரைந்திருப்பேன். இப்போது வேறு ஊருக்கே வந்துவிட்டேன். உன் மௌனம் எனக்கு எத்தனை கிலோமீட்டர் செலவு வைத்திருக்கிறது பார்.

ஐந்து நாள் கோபமாக இருந்தேன். ஆறாம் நாள் உன் அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது. "இது யாரு?" விமர்சகர்கள், விரல் எண்ணுகிறவன், கடை, ஒருவரும் அதைக் கேட்கவில்லையே. சலவை எந்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அம்மா இங்கே நிற்கவில்லை, ஞாபகத்திலிருந்துதான் போட்டேன். பையை எப்போதும் இடது தோளில் போடுவார். நின்றுகொண்டே வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்து, அந்தக் காலால் இடது கெண்டைக்காலைப் பின்பக்கமாகச் சொறிவார். கவனித்திருக்கிறாயா? நீ கவனித்திருப்பாய்.

ஆறு முறை போட்டேன். ஒன்றையும் அழிக்கவில்லை. ஆறு தாளும் இதோடு இருக்கின்றன, கடைசியில் இருப்பதை ஸ்கேன் செய்து விளையாட்டில் மாற்று. வண்ணம் போட்ட கோப்பைத் தனியாக மெயிலில் அனுப்பியிருக்கிறேன், அடுக்குகளை ஒன்றாக்காமல்.

இப்போது சொல்வதைக் கேள். கடைக்கு நீயே எழுது. ஒளிக்காதே. ஒரு படம் எந்திரத்தில் செய்தது, மாற்றிவிட்டோம், தாள்கள் இவை, மற்ற அறுபத்து மூன்றும் எங்கள் வீட்டு டப்பாக்களுக்கு அடியிலிருந்து எடுத்தவை என்று அப்படியே எழுது. அவன் அந்த வரியை எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி. என் பெயரை அங்கேயே விடு. அதன் கீழேயே நிற்கட்டும். ஒரு காலத்துக்கு அது உண்மையாகத்தானே இருந்தது.

ஒரு நிபந்தனை. 24ஆம் தேதி எனக்குப் போன் செய். தடையை எடுத்துவிட்டேன். கடிதம் எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். வாயால் பேசு.

– ரப்பர்


ஏப்ரல் 27

ரப்பருக்கு,

முந்தாநாளுக்கு முதல் நாள் நான் போனில் பேசியது உனக்குக் கேட்டதா? நாலு நிமிடம் முப்பது நொடி என்று போன் காட்டுகிறது. அதில் பாதி என் 'ம்'. நீ "வால்யூம் கூட்டு, வால்யூம் கூட்டு" என்று கத்தியது அடுத்த அறையில் அப்பாவுக்கே கேட்டு, அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

சொல்ல நினைத்ததில் மீதியை எழுதுகிறேன். திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. இந்த முறை உண்மையாகவே பரவாயில்லை.

கடை இன்னும் அந்த வரியை எடுக்கவில்லை. பரிசீலனையில் இருக்கிறதாம். வெளியான முதல் நாள் வாங்கியவர்களில் சிலர் ஒன்றரை மணி நேரத்தில் முழுக்கதையையும் படித்து முடித்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பினால் பணம் வாபஸ் என்ற விதிப்படி திருப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் போகிறபோக்கில், 'அருமையான கதை, கடைசியில் கண் கலங்கியது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "சாப்பிட்டுட்டு இலையத் திருப்பிக் குடுக்கறானா?" என்றார். நம் பெண் தங்கியவர்கள் விட்டுப் போனதைத் திருப்பிக் கொடுப்பவள். நம்மிடம் தங்கியவர்கள் கதையையே திருப்பிக் கொடுக்கிறார்கள்.

ஆனால் திருப்பாதவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் பன்னிரண்டாம் அறையைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அவருடைய அக்காவும் லாட்ஜில் வேலை செய்தவராம்.

இன்னொரு கருத்து இன்று காலை வந்தது. சொன்னால் நீ ஹாஸ்டலையே எழுப்பிவிடுவாய். விரல் எண்ணினாரே, அதே ஆள். உன் புதுப் படத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். "பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பெண்ணுக்கு ஒரு கால்தான் இருக்கிறது. மற்ற படங்கள் எப்படியோ, இது மட்டும் நிச்சயமாக மெஷின் போட்டது."

பதில் எழுத நினைத்து, அம்மாவைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினேன். அவள் அதை அதுவரை பார்த்திருக்கவில்லை. கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். அப்போதும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயய்ய, இதையெல்லாமா பாத்து வச்சிருக்கா" என்றாள்.

அந்த ஆளுக்கு நான் பதில் போடவில்லை.

நீ அனுப்பிய ஆறு தாள்களில் ஐந்தை அம்மா உடனே சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டாள். உளுந்து டப்பாவுக்குக் கீழே இடம் காலியாக இருந்ததாம். ஆறாவதைத் தேடினேன், எந்தத் தட்டிலும் இல்லை. இன்று மதியம் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க என் பட்டச் சான்றிதழை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அந்தச் சான்றிதழ் வந்த நாளிலிருந்து அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பட்டுத் துணிக்கு நடுவே வைத்திருக்கிறாள். வீட்டில் வேறு எதற்கும் அந்த மரியாதை கிடையாது. உறையை எடுத்தேன். வெளியே தெரிந்தது சான்றிதழ் இல்லை. மழையில், பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு காலில் நிற்கிற அம்மா. சான்றிதழ் அவளுக்குப் பின்னால் இருந்தது.

உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். விண்ணப்பத்தை நாளைக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன், எடுடி.

– வால்யூம்